மூக்கு நுனிக் கொப்பளம்

எனக்குப் பஸ்ஸில் தலைசுற்றும். ஆனாலும் யாழ்ப்பாணத்திலிருந்து புங்குடுதீவு மடத்துவெளிக்கு ஒன்றரை வருடம், ஒரு கிழமைகூடத் தவறவிடாமல் போய்வந்தேன். என் அக்கறையில் விசாரணைக் குழுவுக்குச் சந்தேகம் இருக்காது.

அக்கி, ஹேர்பீஸ் குடும்பத்து வைரஸ் ஒன்றின் வேலை. பொஸ்போலிப்பிட் என்ற கொழுப்புப் பொருளில் செய்த களிம்பு அதை அடக்குமா என்பதே எங்கள் ஆய்வு. பாதிப் பேருக்கு மருந்துக் களிம்பு, மீதிப் பேருக்கு வெறும் களிம்பு. வேறு மருந்து தொடாதவர்கள் வேண்டும். பட்டினத்தில் கொப்பளம் கண்டதும் மாத்திரை வாங்கிவிடுகிறார்கள். என் சொந்த ஊரான மடத்துவெளியில் எந்தக் கொப்பளம் போட்டாலும் அம்மாள் வந்திருக்கிறா என்று வாசல் படலையில் வேப்பிலை கட்டுவார்கள், மருந்து ஆகாது. களிம்பைக் குளிர்ச்சிக்கென்று சொல்லிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள்.

சீதேவி அம்மா சட்டை தைத்துப் பிழைப்பவர். வலப்பக்க நெற்றியில் அக்கி. போட்ட அன்றே களிம்பு கொடுத்திருந்தேன். இரண்டாம் நாள் நான் போனபோது மகள் பிரியவதனி படலையிலேயே பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, மூக்கு நுனியிலயும் போட்டிட்டுது. கண் கூசுதெண்டுறா. ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோகட்டே?"

"விசர்க்கதை கதையாதை. அம்மாள் இருக்கேக்குள்ள படலை தாண்டுறதே?" என்று உள்ளிருந்து தாயின் குரல். பிறகு என்னிடம், தணிவாக: "நீர் படிச்ச பிள்ளை. நீர் சொன்னாப் போறன்."

மூக்கு நுனியில் வந்தால் அடுத்தது கண் என்பது எனக்குத் தெரியும். மூன்று நாளுக்குள் மாத்திரை தொடங்கினால் பெரும்பாலும் காப்பாற்றலாம். அவருக்குக் கிடைத்தது வெறும் களிம்பு என்பது எனக்குத் தெரிந்திருக்கக் கூடாது. யாருக்கு எந்தக் களிம்பு என்ற பட்டியலை முன்பே பார்த்திருந்தேன். அந்தப் பாதியில் ஏற்கெனவே இருவர் விலகியிருந்தார்கள். இன்னொருவர் போனால் ஆய்வு நின்றுவிடும்.

"அம்மாள் இறங்கட்டும் அம்மா. தண்ணி வாத்தாப் பிறகு பாப்பம்" என்றேன்.

பதின்மூன்றாம் நாள் தலைக்குத் தண்ணீர் வார்த்தார்கள். அப்போது வலது கண்ணுக்கு வெளிச்சம்கூடத் தெரியவில்லை. தையல் இப்போது மகளுடையது.

மருந்துக் களிம்பு பூசிய ஒருவருக்கும் கண் போகவில்லை. அந்த வித்தியாசத்தைக் காட்டச் சீதேவி அம்மாவின் கண் தேவைப்பட்டது. அவரோடு இன்னும் மூவருடையதும். அவர்களுக்கும் இதே பதிலைத்தான் சொன்னேன்.

போன மாதம் பார்க்கப் போனேன். "அம்மாள் கண்ணை எடுத்துக்கொண்டு உயிரை விட்டிட்டா, பிள்ளை" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் மறுத்துப் பேசவில்லை. ஒருவருடைய நம்பிக்கையில் கை வைப்பது எனக்குப் பழக்கமில்லை.