கிணற்றடிக்குப் போகும் வெளிச்சம்

ஆளில்லாத அறையில் லைட் எரிந்துகொண்டிருந்தால் எனக்குச் சோறு இறங்காது. எழும்பிப் போய் அணைத்துவிட்டு வந்துதான் மறுபடி தட்டில் கை வைப்பேன். என் மனைவி ஸுஹைறா இதைப் பெரிய பகிடியாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். கரண்ட் கட்டணம் ஏறிய பிறகு அவளும் அணைக்கப் பழகிவிட்டாள்.

நான் முஹ்ஸின். கல்முனைக் கடைத்தெருவில் லைட் கடை வைத்திருக்கிறேன். பல்ப் கேட்டு வருகிறவரிடம் சும்மா எடுத்துக் கொடுத்து அனுப்ப எனக்கு மனம் வராது. எந்த அறைக்கு, யன்னல் எந்தப் பக்கம், அங்கே யார் இருந்து என்ன செய்வார்கள் என்று எல்லாம் விசாரிப்பேன். பிள்ளை படிக்கிற மேசைக்கு மேலே சின்னதாக ஒரு எல்ஈடி போதும். அதற்காக முழு அறையையும் பட்டப்பகலாக்க வேண்டியதில்லை. வாசல் கேட்டுக்கு, ஆள் வந்தால் மட்டும் எரிகிற சென்சர் லைட். தோட்டத்துக்கு, பகலில் வெயில் குடித்து இரவில் எரிகிற சோலார் லைட். மண்ணில் குத்தி வைத்தால் சரி, வயரும் வேண்டாம், கட்டணமும் இல்லை. வெளிச்சத்தை அள்ளி இறைக்கிறவனுக்கு அதன் அருமை தெரியாது என்பது என் எண்ணம்.

நான் இருப்பது நிந்தவூரில், ஸுஹைறாவின் வீட்டில். நீங்கள் வெளியூர்க்காரர் என்பதால் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை தன் உடுப்புப் பெட்டியோடு வந்து சேருவான். நானும் அப்படித்தான் வந்தேன். யாரும் என்னை ஒரு வார்த்தை குறைவாகப் பேசியதில்லை. ஆனாலும் சுவரில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் கேட்டுவிட்டுத்தான் அடிப்பேன். என்னுடையது என்று நான் நினைத்துக்கொண்டது பின்வளவு மட்டும்தான். வீட்டுக்குப் பின்னால் வெறும் மணலாகக் கிடந்த இடம் அது. மாதுளை, தோடை, அன்னமுன்னா என்று எல்லாம் நான் வைத்தவை. ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு வெளிச்சம், எது எவ்வளவு உயரத்தில், எந்தப் பக்கம் பார்த்து என்று யோசித்து யோசித்து வைத்தேன். இரவு இஷாத் தொழுதுவிட்டு வந்து அங்கே கதிரை போட்டு உட்காருவேன். வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்த இடம் அதுதான்.

ஸுஹைறாவின் வாப்பா, என் மாமா கலந்தர், எங்களோடுதான் இருந்தார். மாமி மவுத்தாகிப் பல வருடம். வயல்காரர், நல்ல மனிதர். இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்து, இருட்டினால் வெளிச்சப் புள்ளிகளைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஒப்பரேஷனுக்குத் திகதி கொடுத்திருந்தார்கள். குழாய் இருந்தாலும் தொழுகைக்கு முன் பின்வளவுக் கிணற்றுத் தண்ணீரில்தான் கை கால் கழுவி உளூ எடுப்பார். அங்கே இரவெல்லாம் எரிந்துகொண்டிருந்த பழைய மஞ்சள் பல்ப்பை நான் கழற்றியபோது முகம் சுளித்தார்.

“மகன், அந்தப் பல்ப் உங்களுக்கு என்ன பாவம் செஞ்சது?”

“அது விடிய விடிய தவளைக்கெல்லோ எரிஞ்சது மாமா.”

சிரித்துவிட்டார். என்னோடு அவருக்குக் கோபம் நிலைக்காது.

ஸுஹைறாவின் தங்கை ஸப்னாவுக்குக் கல்யாணம் பேசி முடித்தார்கள். கல்யாணத்துக்கு முன் அவளுக்கு வீடு வேண்டும். ஒரு நாள் பின்னேரம் அஸருக்குப் பிறகு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது மாமா விஷயத்தை எடுத்தார்.

“பின்வளவ ரெண்டாப் பிரிச்சு, கிணத்தடிப் பக்கம் அவளுக்கு ஒரு வீட்டைக் கட்டுவம் எண்டு யோசன மகன். உங்களுக்கு மனவருத்தம் ஒண்டும் இல்லையே?”

“இதுல என்ன மாமா மனவருத்தம். நல்ல விஷயம்தானே.”

அவர் பிரிக்கச் சொன்ன இடத்தில்தான் என் மரங்களில் பாதிக்கு மேல் நின்றன. ஆனால் நான் குரலை உயர்த்துகிறவன் அல்ல. தேத்தண்ணியைக் குடித்து முடித்து, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுத்தான் எழுந்தேன்.

ஆலையடிவேம்பிலிருந்து தங்கராசா என்ற மேசன் வந்தார். இரண்டு வீட்டுக்கும் பொதுவாகப் போகிற கிணறு என்பதால் அதன் சுற்றுக்கட்டைப் புதிதாகக் கட்டச் சொன்னார் மாமா. தங்கராசா கடல் பக்கத்துக் கட்டை நிலமட்டத்துக்கு உடைத்துப்போட்டார். சீமெந்து வரவில்லை என்று வேலை அப்படியே நின்றது.

அதற்குப் பிறகு மாமாதான் என்னைக் கேட்டார். இதை நீங்கள் கவனிக்கவேண்டும், நானாக யோசித்ததில்லை.

“மகன், கட்டு இல்லாத பக்கம் நான் போயிராம லைட்ட ஒருக்காச் சரிபண்ணித் தாங்க.”

பின்கதவிலிருந்து, கட்டு உள்ள பக்கத்துக்கு, சோலார் லைட்டுகளை ஒரே வரிசையாக நட்டுக் கொடுத்தேன். கையைப் பிடித்து நடத்திக் காட்டினேன். “வெளிச்சத்த வலக்கைப் பக்கம் வெச்சு நடங்க மாமா. கடைசி லைட்டுக்குப் போனா வாளி கைக்கு எட்டும்.” இரண்டு முறை நடந்து பார்த்தார். அதன் பிறகு தடவித் தடவி நடப்பதை விட்டுவிட்டார். கைகளை வீசிக்கொண்டு போவார். ஒப்பரேஷனே தேவையில்லை போல இருக்கிறது என்று வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஸுஹைறாவும் ஸப்னாவும் கல்யாண உடுப்பு எடுக்கப் போயிருந்த ஒரு நாள், பொழுதுபட்டு மஃரிபுக்குப் பிறகு, வரிசையின் பின்பாதியைப் பிடுங்கி இடம் மாற்றினேன். கட்டு உடைந்த பக்கமாக வளைத்து, கடைசி லைட்டைக் கிணற்றுக்கு அப்பால் நட்டேன். பெரிய வேலை இல்லை. சோலார் லைட்டில் உள்ள வசதியே அதுதான்.

மாமா இஷாவுக்கு உளூ எடுக்க வந்தார். வெளிச்சத்தை வலக்கைப் பக்கம் வைத்து, நான் சொல்லிக்கொடுத்தபடியே நடந்தார். நான் மாதுளைக்குப் பக்கத்தில் நின்றேன். அவரைத் தொடவில்லை, ஒரு சொல்லும் சொல்லவில்லை.

கிணற்றுக்குள்ளிருந்து அவர் என்னைத்தான் கூப்பிட்டார். “மகன்” என்றார். பல முறை கூப்பிட்டார். அந்த நேரம் எனக்கு வேலை இருந்தது. லைட்டுகளைப் பழைய இடத்தில் நட்டு, மாற்றி நட்ட குழிகளைக் காலால் மூடவேண்டும். நட்டுவிட்டுக் கதவடியில் போய் நின்று பார்த்தால் ஒன்று கோணலாகத் தெரிந்தது. வரிசை கோணினால் எனக்குக் கண்ணை உறுத்தும். திரும்பிப் போய் நேராக்கினேன். அது முடிகிறபோது கிணற்றில் சத்தம் இல்லை. அதற்குப் பிறகுதான் பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டேன்.

ஜனாஸாவுக்கு வந்த யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. பெற்ற மகன் கூட இப்படிப் பார்க்க மாட்டான் என்றார்கள். நானாகப் பொலிசுக்கு உங்களிடம் வந்ததற்குக் காரணம் வேறு. சில நாளில் பேச்சு மாறியது. “மருமகன் கரண்ட் மிச்சம் பிடிக்கிறன் எண்டு மங்கல் லைட்டப் போட்டு மனிசனக் கிணத்துல தள்ளிட்டான்” என்று கடைக்கு எதிரிலேயே நின்று கதைத்தார்கள். அது பொய். அந்த லைட்டுகளில் ஒரு குறையும் இல்லை. நான் எங்கே போகச் சொன்னேனோ அங்கே அவரை ஒரு அடி பிசகாமல் கொண்டுபோய் விட்டன. அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் எழுதவேண்டும். நாற்பதாம் நாள் கத்தம் ஓதிச் சாப்பாடு கொடுத்து முடிந்து, சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டே ஸுஹைறா சொன்னாள்: “ஸப்னாட வீட்டு வேலைய நாளைக்கே தொடங்கச் சொல்லுங்க.”

மாமாவோடு அந்தப் பேச்சும் போய்விட்டது என்று நான் நினைத்திருந்தேன். அவரே இல்லை, இனி எதற்கு அவசரம் என்றேன்.

“வாப்பா எங்க பிரிக்கச் சொன்னார்? அவர் கடைசி வரைக்கும் வேணாம் எண்டுதான் நிண்டார். மருமகன் ஆசையா வெச்ச லைட்டெல்லாம் போயிரும், வயல்ல ஒரு துண்ட வித்து வேற வளவு வாங்குவம் எண்டார். வளவு என்ட பேர்ல. நான்தான் பிடிவாதம் பிடிச்சன். உங்கட முகத்தப் பாத்துச் சொல்ல எனக்கு ஏலாம அவரச் சொல்ல வெச்சன்.”

எங்கள் வீடுகளில் இதுதான் நடைமுறை. பெண் முடிவெடுப்பாள், மாப்பிள்ளையின் மனம் நோகாமல் அதை வாப்பா வந்து சொல்லுவார். இத்தனை வருடம் அந்த வீட்டில் இருந்தும் எனக்கு அது நினைவுக்கு வரவில்லை.

அவள் அதை முன்பே என்னிடம் சொல்லியிருக்கவேண்டும். சொல்லியிருந்தால் மாமாவின் லைட்டுகளில் நான் கையே வைத்திருக்க மாட்டேன். ஸுஹைறாவுக்குக் கண் நன்றாகத் தெரியும், அவளுக்கு வேறு ஏதாவது யோசித்திருப்பேன்.