மூக்குக்கு ஒரு மன்னிப்புக் கடிதம்

கடிதம் எழுதுவது எனக்குக் கைவந்த விஷயம், கல்யாணராமன் சார். எங்கள் கல்லூரியில் லீவு லெட்டர், அட்டெண்டன்ஸ் குறைந்ததற்கு விளக்கம், ஹால் டிக்கெட் தொலைந்ததற்கு விண்ணப்பம், எதுவானாலும் என்னிடம்தான் வருவார்கள். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வார்கள். காய்ச்சல்காரனை வெறும் காய்ச்சல் என்று எழுத விடமாட்டேன். நூற்றிரண்டு புள்ளி நான்கு என்று எழுதவைப்பேன். புள்ளி நான்கைப் பார்த்தபிறகு யாரும் சந்தேகப்படுவதில்லை.

அதனால் வைரவனின் மன்னிப்புக் கடிதத்தைச் சொல்லிக்கொடுத்தது யார் என்று நீங்கள் கேட்டபோது நான் மறைக்கவில்லை. நான்தான். இந்த வழக்கை உங்கள் மயிலாப்பூர் ஆபீசுக்குக் கொண்டுவந்ததும் உங்கள் இன்டர்னாகிய நான்தான். ஆனால் நீங்கள் அடுத்த கேள்வியும் கேட்டீர்கள்.

"லெட்டர் நீ சொல்லி அவன் எழுதினதுங்கறே. சரி. கல்லு எங்க கிடக்குன்னு உனக்கு எப்படிடா தெரியும், ஸ்ரீநாத்?"

முப்பது வருஷமாகக் கோர்ட்டுக்குப் போகிறவர் இதைக் கேட்க இரண்டு வாரம் எடுத்துக்கொண்டதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். பரவாயில்லை. வரிசையாகச் சொல்கிறேன்.

கல்லூரியைக் கிண்டலடித்து நான் இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் நடத்துகிறேன். வைரவன் பி.காம்., நான் சட்டம். கேரம் ஆடிப் பழக்கம். ஒருநாள் கேண்டீனில் அவன் என் பக்கத்தைப் படித்துவிட்டு, "நல்லாத்தான் கீது மச்சி. சிரிப்புதான் வரல, தூக்கம் வருது," என்றான். மேஜையே சிரித்தது. நான் எழுதி அந்த மேஜை ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிப்ரவரி பதினொன்று, செவ்வாய்க்கிழமை, மதியம் ஒன்று இருபது.

பிறகு அவன் காவலர் தேர்வில் தேறினான். ஓட்டம், கயிறு ஏறுதல் எல்லாம் முடிந்து, போலீஸ் விசாரணை மட்டும் பாக்கி. பெயரில் வழக்கு இருந்தால் வேலை கிடையாது. ஃபாரம் நிரப்ப என்னிடம்தான் வந்தான். குற்ற வழக்கு ஏதும் உண்டா என்ற கட்டத்தில் 'இல்லை' என்று என் கையால்தான் எழுதினேன். அந்தக் கட்டம் எனக்கு அப்போதே பிடித்துப்போயிற்று.

நிறுவனர் நாளுக்கு முந்தின மாலை, நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் நிறுவனர் சிலையின் மூக்கை ஒரு கிரானைட் துண்டால் உடைத்தேன். ஒரே அடியில் போய்விடும் என்று நினைத்திருந்தேன். மூன்று அடி ஆயிற்று. கல்லை மழைநீர்த் தொட்டிக்குள் போட்டேன். எங்கள் விளையாட்டு அறையில் கேரம் போர்டு வேண்டுமென்றால் ஐ.டி. கார்டைக் கொடுத்துவைக்க வேண்டும். அன்று ஆடி முடித்ததும், போர்டைத் திருப்பித் தரும் வேலையை என்னிடம் விட்டுவிட்டு வைரவன் பஸ்ஸைப் பிடிக்க ஓடியிருந்தான். அவன் கார்டை நான்தான் வாங்கினேன். பீடத்தின் அடியில் வைத்தேன்.

மறுநாள் கார்டு கிடைத்ததும் அவனுடைய துறைத்தலைவர் சூடாமணி மேடம், மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் கல்லூரிக்குள்ளேயே முடித்துவிடலாம் என்றார். பாவம், அவர் மனதார நம்பித்தான் சொன்னார். எங்கள் கல்லூரியில் எல்லாத் தகராறும் அப்படித்தான் முடியும். ஆனால் செயலாளர், நிறுவனரின் பேரன். தாத்தாவின் மூக்கை அவர் சும்மா விடமாட்டார் என்று எனக்குத் தெரியும். செய்யாததற்கு எதற்கு மன்னிப்பு என்று வைரவன் அடம்பிடித்தான்.

"மச்சி, போலீசுக்குப் போனா உன் வேலை போயிடும். எழுதிக் குடு, இங்கயே முடிஞ்சிடும்," என்றேன்.

எழுத உட்கார்ந்தான். எந்தக் கல், எத்தனை அடி, எந்தத் தொட்டி எல்லாம் சொன்னேன். நடுவில் பேனாவை நிறுத்தி, "இவ்ளோ டீட்டெய்லு இன்னாத்துக்குடா?" என்றான்.

"அப்பதான் நம்புவாங்க."

நம்பினார்கள். அன்று சாயங்காலமே கடிதம் காவல் நிலையத்துக்குப் போனது. தொட்டியில் கல் கிடைத்தது. இன்ஸ்பெக்டர் இரண்டு முறை படித்தாராம். யாருக்கும் தூக்கம் வந்ததாகத் தகவல் இல்லை. கல்லைச் சேர்த்தது தப்பு என்று இப்போது தெரிகிறது. ஆனால் அந்த வரி இல்லாவிட்டால் கடிதம் செத்துப்போயிருக்கும், சார். எழுதுகிறவனுக்குத்தான் அது புரியும்.

பத்தொன்பதாம் தேதி அவன் வேலைக்கான போலீஸ் விசாரணை அறிக்கை போகிறது, அதற்குள் என்னோடு வந்து உண்மையைச் சொல், பையன் பிழைத்துப்போவான் என்கிறீர்கள். வரமாட்டேன். நீங்களும் சொல்ல முடியாது. காலையில் உங்கள் கையெழுத்துக்கு வைத்த வக்காலத்துக் கட்டில் நான்காவது என் பெயரில் இருந்தது. வழக்கம்போல் படிக்காமல் போட்டீர்கள். இப்போது நான் உங்கள் கட்சிக்காரன். கட்சிக்காரன் சொன்னதை வக்கீல் வெளியே சொல்லக் கூடாது.

அப்படிப் பார்க்காதீர்கள். நான் ஈவிரக்கம் இல்லாதவன் அல்ல. நேற்றுகூட மேற்கு மாம்பலத்தில் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் அப்பா, தி.நகர் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று சேலை விரித்துக் காட்டுகிறவர், என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"எல்லாரும் ஒதுங்கிட்டாங்க தம்பி. நீங்க ஒருத்தர்தான் கூட நிக்கீங்க."

நானும் உள்ளே போய்விட்டால், அவர்களுக்கு யார் சார் இருக்கிறார்கள்?