அண்ணனுக்கு ஒரு சாதா போன்

அத உள்ள வைங்க தம்பி. நாலு கேமரா வச்ச போனு எங்களுக்கு எதுக்கு. நான் கேட்டது சாதா போன். தொட்டா வேல செய்யணும், பேசினா கேக்கணும், தொலஞ்சா வயிறு எரியாத வெலையில இருக்கணும். அவ்வளவுதான்.

எனக்கில்ல. அதோ உங்க கடை வாசல்ல நிக்கிறாரே, நீலத் தொப்பி, மீன் கேக்கு குத்தின குச்சியக் கையில வச்சிக்கிட்டுத் தின்னுக்கிட்டு, அவருக்கு. எங்கண்ணன். மான்ஹோன்னு பேரு. அம்பத்தாறு ஆகுது, பாத்தா தெரியாது. கவல இல்லாத மனுசனுக்கு நரை எப்படி வரும், எல்லாம் எந்தலைக்கு வந்துருச்சு. பொறந்ததுலருந்தே புத்தி கொஞ்சம் மந்தம். மெதுவாப் பேச வேணாம், சத்தமாவே பேசலாம். அந்தக் குச்சி முடியிற வரைக்கும் இந்தப் பக்கம் திரும்ப மாட்டாரு.

பிலிப்பைன்ஸ் போறாரு, செபுவுக்கு. திங்கக்கெழம காலைல பிளேன். அங்க எறங்கினதும் அந்த ஊரு சிம்மு ஒண்ணு போட்டுக் குடுப்பாங்களாம். எந்த நாட்டுச் சிம்மு போட்டாலும் எடுக்கிற போனா இருந்தா போதும்னு சொன்னாங்க. ரெண்டு சிம்மு போடுறதா? ஒண்ணு போதும். ரோமிங்கா? அதெல்லாம் போயிட்டுத் திரும்பி வர்றவங்களுக்கு.

இல்ல, கொஞ்ச நாள் இருப்பாருன்னு சொல்ல வந்தேன். அங்க நம்ம புசான் ஊர்க்காரர் ஒருத்தர், சோன்னு பேரு, விடுதி மாதிரி ஒண்ணு நடத்துறாரு. இவர மாதிரி ஆளுங்க பன்னெண்டு பேரு இருக்காங்க. நம்ம ஊரு சோறு, கிம்ச்சி ஊறுகா எல்லாம் உண்டு. என் வீட்டுக்காரரு கூடப் போய் விட்டுட்டு மறுநாளே திரும்பிடுவாரு. இவருகிட்ட கடல்ல குளிக்கப் போறோம்னு சொல்லி வச்சிருக்கு. குளிக்கிற டிரவுசர் ஒண்ணு வாங்கிக் குடுத்தேன், நாலு நாளா அதப் போட்டுக்கிட்டுத்தான் படுக்கிறாரு. இப்பவும் பேண்ட்டுக்கு உள்ள அதான் இருக்கு.

கேமரா மட்டமா இருந்தா நல்லது. இவருக்குப் படம் முக்கியமில்ல, எடுக்கையில கிளிக்குன்னு சத்தம் வருதுல்ல, அதுக்காக அமுக்கிக்கிட்டே இருப்பாரு. எங்களுது பன்றிச் சூப்புக் கடை, இங்க சியோமியோன் பக்கம். போன மாசம் என் போன எடுத்துட்டுப் போய், சாப்பிட்டுக்கிட்டு இருந்த ஒருத்தர் மூஞ்சிக்கு நேரா வச்சி கிளிக்கு கிளிக்குன்னு அடிச்சிருக்காரு. அந்தாளு எந்திரிச்சி விட்டாரு பாருங்க ஒரு அறை, தொப்பி அடுத்த மேசையில போய் விழுந்துச்சு. நான் ஓடிப் போய் அவருகிட்ட மன்னிப்புக் கேட்டு இன்னொரு கிண்ணம் சூப்பு சும்மா குடுத்தேன். அவருக்குத்தான், அறைஞ்சவருக்கு. அவரு பெரிய கம்பெனியில இருக்கறவரு, பத்துப் பேரக் கூட்டிட்டு வருவாரு.

போன் எதுக்கா? நல்லாக் கேட்டீங்க. எனக்கும் இஷ்டமில்லதான். எங்கம்மா போன குளிர்ல போயிட்டாங்க. ஆஸ்பத்திரியில என் கையப் புடிச்சிக்கிட்டு, மான்ஹோவுக்கு ஒரு போன் வாங்கிக் குடுடி, அவன் எங்க இருந்தாலும் ஒன்னக் கூப்பிடணும்னாங்க. சரிம்மான்னேன். சாகப் போறவங்ககிட்ட வேற என்னன்னு சொல்றது. சொன்னதச் செய்யாம இருந்தா மனசு குத்திக்கிட்டே இருக்கும் தம்பி, நான் அப்படி வளர்ந்தவ இல்ல. அதான் இவரு கிளம்புறதுக்குள்ள வாங்கிடணும்னு வந்தேன்.

இந்தக் கருப்பு பரவால்ல. மஞ்சள்ல கேட்டாரு அவரு. மஞ்சளுக்கு வெல கூடவா? அப்ப கருப்பே இருக்கட்டும். மேல மஞ்ச உறை ஒண்ணு மாட்டி விடுங்க, போனே மஞ்சள்னு நெனச்சிக்குவாரு. சேதி, படம் அனுப்புற கக்காவோ டாக் போடாதீங்க. வேணாம்னா வேணாம். அதுல என் மக கல்யாணப் படமெல்லாம் வரும், பாத்துட்டு என்ன ஏன் கூப்பிடலன்னு அங்க உக்காந்து அழுவாரு. மேப்பையும் எடுத்துருங்க, அவருக்கு அது புரியாது. புரிஞ்சிட்டா இன்னும் தொல்ல.

ஆமா, ஒரே மக. மாப்ள பல் டாக்டரு. ரெண்டு குடும்பமும் ஒக்காந்து சாப்பிடற சடங்கு இவரு போனப்புறம் வர்ற சனிக்கெழம, ஓட்டல்ல தனி அறையெல்லாம் சொல்லியாச்சு. சம்பந்தி அம்மா போன்ல நைசாக் கேட்டாங்க, உங்ககூடப் பொறந்தவங்க எத்தன பேருன்னு. யாருமில்ல, நான் ஒத்தப் புள்ளன்னேன். யோசிக்கவே இல்ல, வாயில வந்துருச்சு. சொன்னதுக்கப்புறம் இவரக் கொண்டு போய் எங்க வைக்கிறது, கிம்ச்சி பிரிட்ஜுக்குள்ளயா. மகளுக்கு மாமான்னா உசிரு. அவகிட்ட மூணு மாசம் வைத்தியம்னு சொல்லியிருக்கு. மூணு மாசத்துல அவளுக்குன்னு ஒரு வீடு வாசல் வந்துரும், மறந்துருவா.

ஏன் தம்பி மொகம் இப்படிப் போவுது. எங்கண்ணனாட்டம் ஒருத்தரு காலைல சட்டப் பித்தான்லருந்து சாயந்தரம் குளியல் வரைக்கும் உங்க தலையில இருந்தா அப்ப தெரியும். பள்ளிக்கூடத்துல எனக்கு என்ன பேரு தெரியுமா? மக்கோட தங்கச்சி. எம்பேரச் சொல்லி யாரும் கூப்பிட்டதே கிடையாது. எனக்கு அவரப் புடிக்கல, தம்பி. சின்ன வயசுலருந்தே புடிக்கல. அவருக்கு என்ன ரொம்பப் புடிக்கும், அதுக்கு நான் என்ன செய்ய முடியும்.

சரி, பில்லப் போடுங்க. என்னது, ஒரே அமுக்கா அமுக்கினா என் நம்பருக்குப் போற மாதிரி வச்சித் தர்றீங்களா? வேணாம், எதையும் பதிய வேணாம். அவருக்கு நம்பரு மட்டும் மண்டையில தங்கிடும். எங்க கடைக்குப் போன் பண்ணி சாப்பாடு சொல்றவங்க நம்பரு அத்தனையும் மனப்பாடம். என் நம்பரத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வாரு. வெளிநாட்டுலருந்து கூப்பிடணும்னா முன்னால என்ன சேக்கணும்னு மக ஒரே ஒரு தடவ சொல்லிக் குடுத்தா, அதயும் புடிச்சிக்கிட்டாரு.

அதான் எனக்கும் ஒரு வேல முடிச்சிக் குடுங்க. என் நம்பர மாத்தணும். இதே போன்தான், நம்பரு மட்டும். எதுனாலும் பரவால்ல, நீங்களே ஒண்ணு பாத்துக் குடுங்க. மக ஏற்கெனவே மாப்ளயோட சேந்து புது நம்பரு வாங்கிட்டா, ரெண்டு பேருக்கும் கடைசி நாலு ஒண்ணா வர்ற மாதிரி. அத இவருகிட்ட யாரும் சொல்லல. கடை நம்பர வீட்டுக்காரரு நேத்து மாத்திட்டாரு. பழைய நம்பருக்குக் கூப்பிட்டா புது நம்பரச் சொல்லுமே, அந்தச் சேவையா? அது வேணவே வேணாம் தம்பி, மறக்காம எடுத்துருங்க.

இன்னிக்கு இல்ல. செவ்வாக்கெழம காலைல நீங்க கடை தெறந்ததும் வர்றேன், அப்ப மாத்துங்க. திங்கக்கெழம போய்ச் சேந்ததும் ஒரு தடவ கூப்பிடுவாரு. நான் எடுக்கலன்னா அழுது ஆர்ப்பாட்டம் பண்ணி என் வீட்டுக்காரர நகர விட மாட்டாரு. எடுத்து, சாப்பிட்டியாண்ணே, நாளைக்குக் கூப்பிடுண்ணேன்னு சொல்லிட்டேன்னா அடங்கிடுவாரு.