அய்யம்மாளின் டேப்லெட்டைத் திறக்க நான் போட்டுப் பார்த்த பெயர்கள்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுத்து கோணலாக இருக்கும். சில எழுத்து கோட்டுக்கு மேலே ஏறியும் சில கீழே இறங்கியும் நிற்கும். நான் சொல்லச் சொல்லத் தானே எழுதிக்கொள்வதாக ஏட்டு சோலைமலை சொன்னார். நானே எழுதுகிறேன் என்று பேனாவைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். இதுவரை எந்தக் காகிதத்திலும் கட்டைவிரல்தான் வைத்திருக்கிறேன். எழுதப் பழகிய பின் ஒரு பக்கத்துக்கு மேல் எழுதுவது இதுவே முதல் தடவை. பொறுத்துப் படிக்கவும்.

பெயர் கண்ணுச்சாமி. தகப்பனார் பெயர் பெரியகருப்பன். வயது அறுபத்தேழு. முகவரி, மந்தைத் தெரு, கன்னிவாடி, திண்டுக்கல் மாவட்டம்.

நான் மேற்படி முகவரியில் என் மனைவி அய்யம்மாளுடன் குடியிருந்து வருகிறேன். நாங்கள் இருவரும் சித்தையன்கோட்டை போகும் சாலையில் உள்ள தளிர்மலை விதை நிறுவனத்தில் வேலை செய்து வருகிறோம். புதிதாக உண்டாக்கியிருக்கும் கத்தரி நாற்றுகளை நிழல்வலைக்குள் கவனித்து, எது எவ்வளவு வளர்ந்தது, எதில் புள்ளி விழுந்தது என்று படம் பிடித்து, கம்பெனி கொடுத்த டேப்லெட்டில் பதிவது என் மனைவியின் வேலை. மாலையில் எல்லோரிடமும் உள்ள டேப்லெட், போன், லேப்டாப் ஆகியவற்றை வாங்கி, பின்னால் ஒட்டியுள்ள எண்ணைச் சரிபார்த்து, இரும்பு அலமாரியில் வைத்து, சார்ஜ் போட்டுப் பூட்டுவது என் வேலை. சாவி என் இடுப்பில் இருக்கும். எழுத்து தெரியாதவன் உள்ளே இருப்பதை நோண்ட மாட்டான் என்று சொல்லித்தான் மேலாளர் எனக்கு இந்த வேலையைக் கொடுத்தார். அதன் பிறகு எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முதியோர் எழுத்தறிவு வகுப்பு தொடங்கியது. நானும் மனைவியும் சேர்ந்தோம். பவித்ரா டீச்சர் பாடம் சொல்லிக் கொடுத்தார். அவள் என்னை முந்திக்கொண்டாள்.

அதன் பிறகு கம்பெனியின் கணினிகளையும் போன்களையும் பாதுகாப்பதற்கென்று திண்டுக்கல்லிலிருந்து ரொனால்டு என்ற அதிகாரி வந்தார். அவர் எல்லாக் கருவிகளுக்கும் பூட்டுப் போட்டார். யாருடைய கருவியோ அவர் முகத்தைக் காட்டினால் திறக்கும். அணைத்துப் போட்டால் முகம் மட்டும் போதாது, கடவுச்சொல்லும் கேட்கும். அங்கே வேலை பார்க்கும் பெண்களுக்கு இங்கிலீஷ் எழுத்து வராது என்பதால் கடவுச்சொல்லைத் தமிழிலேயே வைக்க ஏற்பாடு செய்தார். திரும்பத் திரும்பத் தவறாகப் போட்டால் உள்ளே இருப்பது எல்லாம் தானாக அழிந்துவிடும் என்றார். "வீட்டுச் சாவியக்கூடப் பக்கத்து வீட்ல குடுத்துட்டுப் போகலாம், இதக் குடுக்கக் கூடாது. கட்டுன புருசன் கேட்டாலும் சொல்லக் கூடாது" என்று எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னார். நான் அப்போது அங்கேதான் நின்றேன்.

அந்த டேப்லெட் என் மனைவியின் முகத்தைக் கண்டதும் விழித்துக்கொள்ளும். நான் என் முகத்தைக் காட்டிப் பார்த்திருக்கிறேன், திறக்காது. கல்யாணமான நாளிலிருந்து அந்த முகத்தைப் பார்த்து வருபவன் நான். நேற்று வந்தது அது. அவளும் அதைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பாள். முந்தானையால் துடைத்துத்தான் என் கையில் கொடுப்பாள். மழை தூறினால் அதை முக்காட்டுக்குள் வைத்துக் கொண்டுவருவாள், நான் நனைந்து வந்தால் கேட்க மாட்டாள். இதெல்லாம் விசாரணைக்கு வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

சில நாட்களுக்கு முன் அவள் கடவுச்சொல்லை அழுத்தும்போது நான் பின்னால் நின்றிருந்தேன். முதலில் க வந்தது. அடுத்து ண் வந்தது. அதற்குள் அவள் முந்தானையால் மறைத்துவிட்டாள். அன்றைக்குச் சாப்பிடும்போது அது என்ன வார்த்தை என்று கேட்டேன். "அத என் வாயால சொல்ல முடியாதுங்க" என்றாள். சொல்லும்போது முகத்தைச் சோற்றுப் பானைப் பக்கம் திருப்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. அப்படி என்ன சொல்ல முடியாத வார்த்தை என்று மறுபடியும் கேட்டேன். "வெஞ்சனம் ஆறுது, சாப்புடுங்க" என்று எழுந்து போய்விட்டாள்.

எரியோட்டில் கண்ணன் என்று ஒருவர் இருக்கிறார். என் மனைவிக்கு முறைமாப்பிள்ளை. அவருக்குத்தான் இவளை முதலில் பேசி வைத்திருந்தார்கள். பூ வியாபாரம் செய்கிறார். கல்யாண வீடுகளில் பார்த்தால் என்னிடம் "சௌக்கியமா" என்று ஒரு வார்த்தையோடு முடித்துக்கொண்டு, அவளிடம் போய் "என்ன பிள்ள, எளச்சுட்ட" என்று நெடுநேரம் நிற்பார். என்னைவிட மூத்தவர். பல் எல்லாம் அப்படியே இருக்கிறது.

நேற்று மாலை எல்லோரும் கருவிகளை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். என் மனைவி பஸ் பிடிக்க எனக்கு முன்னால் போய்விட்டாள். ரொனால்டு ஏதோ புதிதாக ஏற்றியிருந்ததால் அவள் டேப்லெட் அணைந்து எரிந்து கடவுச்சொல் கேட்டுக்கொண்டிருந்தது. நான் அலமாரிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, என் பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் போட்டேன். தவறு என்று வந்தது. விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு மறுபடியும் அதையே போட்டேன். மறுபடியும் தவறு என்று வந்தது.

அதன் பிறகு கண்ணன் என்று போட்டேன். அதுவும் தவறு என்று வந்தது. அத்தோடு நான் எழுந்திருக்க வேண்டும். ஆனால் அவளும் என்னைப் போலப் புதிதாக எழுதுகிறவள்தானே, பிழையாக எழுதி வைத்திருப்பாள் என்று தோன்றியது. அதனால் கண்நன் என்று போட்டேன். அதன் பிறகு கண்ணண். அதன் பிறகு கண்னன். அதன் பிறகு கண்ணன்மாமா என்று சேர்த்துப் போட்டேன். அந்த ஆளின் பெயரை எத்தனை விதமாகப் பிழை செய்ய முடியுமோ அத்தனை விதமாகவும் செய்து பார்த்தேன். அதன் பிறகு திரை சிவப்பாகி ஒரு வாசகம் வந்தது. "இன்னும் ஒரு முறை தவறினால் உள்ளிருப்பவை அனைத்தும் அழிக்கப்படும்." எழுத்துக் கூட்டாமல் ஒரே மூச்சில் நான் படித்து முடித்த முதல் வாசகம் அதுதான். படித்ததும் முதலில் சந்தோஷம் வந்தது. அதன் பிறகுதான் அர்த்தம் வந்தது.

டேப்லெட்டை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை.

இன்று காலை, யாரோ அதைத் திறக்கப் பார்த்திருக்கிறார்கள் என்று ரொனால்டு கண்டுபிடித்தார். நிழல்வலைக்குள் சிக்னல் கிடைக்காததாலும், மழையில் அலுவலக இணைப்பும் அறுந்து கிடந்ததாலும், இந்தப் பருவத்துக் கத்தரி விவரம் முழுவதும் அந்த டேப்லெட்டில் மட்டுமே இருக்கிறது. அலுவலகத்திலிருந்து பூட்டை எடுத்தாலும் எல்லாம் அழிந்துவிடும். அதனால் மேலாளர் என் மனைவியைக் கூப்பிட்டு, ஒரு தடவைதான் மிச்சம் என்பதால் டேப்லெட்டை அவள் கையில் கொடுக்காமல், கடவுச்சொல்லை மட்டும் கேட்டார். அவள் வாயால் சொல்ல முடியாது என்றாள். "வேற கம்பெனிக்கு வித்துட்டியா?" என்று கேட்டார். அதன் பிறகு புகார் எழுதி அவளை இங்கே அழைத்து வந்தார்கள். நான் ஷேர் ஆட்டோ பிடித்துப் பின்னாலேயே வந்தேன்.

டேப்லெட்டில் தவறாகத் தட்டியது நான். என் மனைவி இல்லை. கத்தரி விவரத்தை நான் தேடவில்லை, ஒரு பெயரைத்தான் தேடினேன். அவளை விட்டுவிட வேண்டும்.

இதுவரை எழுதிச் சார்பு ஆய்வாளர் ஐயாவிடம் கொடுத்தேன். மீதியை அதன் பிறகு நடந்ததைப் பார்த்து இப்போது எழுதுகிறேன்.

ஐயா என் காகிதத்தை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். எனக்கு நான் எழுதியது இன்னொருவர் வாயில் வருவது நன்றாக இருந்தது, எரியோட்டுக் கண்ணன் வரும் வரை. எதிர் பெஞ்சில் இருந்த என் மனைவி எழுந்துவிட்டாள். "கண்ணன் மாமாவா? அந்தப் பல்லு அம்புட்டும் கட்டுன பல்லுங்க! போன வருசம் திண்டுக்கல்லுல போயிக் கட்டிட்டு வந்தாரு. அவரு பேர நான் எதுக்கு எழுதப் போறேன்?" என்றாள். ஏட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

"சரிம்மா, அப்ப யாரு பேரு? இப்பவாச்சும் சொல்லு. ஒரு வாட்டிதான் மிச்சம் இருக்கு" என்று ஐயா கேட்டார். என் மனைவி மறுபடியும் தலையைக் குனிந்துகொண்டாள். "அத நான் எப்படிய்யா சொல்லுவேன்" என்றாள். மேலாளர், "பாத்தீங்களா சார்" என்றார்.

அப்போது பெண் காவலர் புவனேஸ்வரி டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஏன் ஆத்தா, ரேசன் கடையில வீட்டுக்காரரு பேரக் கேட்டா என்ன செய்வீக?" என்றார்.

"பக்கத்துல நிக்கிறவுகளச் சொல்லச் சொல்லுவேன்."

புவனேஸ்வரி ஒரு காகிதத்தையும் பேனாவையும் அவள் கையில் கொடுத்தார். காலையிலிருந்து எல்லோரும் அவளைச் சொல்லு சொல்லு என்றுதான் கேட்டிருக்கிறார்கள். எழுது என்று ஒருவரும் சொல்லவில்லை. அவள் பெஞ்சில் வைத்து எழுதி, மடித்து, ரொனால்டிடம் கொடுத்தாள். அவர் பிரித்துப் பார்த்தார். அதன் பிறகு என்னைப் பார்த்தார். அதன் பிறகு என் வாக்குமூலத்தின் மேல் பகுதியைப் பார்த்தார். இரண்டையும் என் முன்னால் வைத்தார்.

அவள் காகிதத்தில் கண்ணுசாமி என்று இருந்தது. என் காகிதத்தில் கண்ணுச்சாமி என்று இருந்தது.

"ஒரு எழுத்த விட்டுட்டா சார். நடுவுல ஒரு ச் வரணும். அப்படியே போட்டா எல்லாம் அழிஞ்சு போகும்" என்று சொல்லி ரொனால்டு கையைப் பிடித்தேன். என் பெயர் எனக்குத் தெரியாதா என்று கேட்டேன்.

"ரேசன் கார்டப் பாத்துத்தான் எழுதிப் பழகுனேன். வகுப்புல சேந்ததும் நான் மொத மொத எழுதுனது அதான். நீங்க என்னைக்காச்சும் கார்டப் பாத்தீகளா?" என்றாள் என் மனைவி.

"பெருசு, செத்த நேரம் கைய எடுங்க" என்றார் ஐயா. எடுத்தேன். ரொனால்டு அவள் எழுதியபடி ஒவ்வொரு எழுத்தாகப் போட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். புவனேஸ்வரி கை தட்டியதும் திறந்து பார்த்தேன். திரையில் கத்தரி நாற்று ஒன்று இரண்டு இலையோடு நின்றது.

மேலாளர் புகாரைத் திரும்பப் பெறுவதாகச் சொல்லிவிட்டு, என் இடுப்பிலிருந்த சாவியை வாங்கிக்கொண்டார். இனி அது செபாஸ்தியம்மாளிடம் இருக்குமாம், அவர் அலுவலகத்தைக் கூட்டுகிறவர். எனக்கு வேறு வேலை உண்டா என்று பிறகு சொல்கிறாராம்.

அதன் பிறகு ரொனால்டு என் மனைவியிடம், "பெரியம்மா, இந்த வார்த்தை இப்ப ஸ்டேசனுக்கே தெரிஞ்சு போச்சு. உடனே மாத்திருங்க" என்றார். அவள் டேப்லெட்டை வாங்கிச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, முந்தானையால் நன்றாக மூடிக்கொண்டு எதையோ அழுத்தினாள். முன்பைவிட நீளமாக இருந்தது. அழுத்தி முடித்ததும் அதைப் பார்த்து அந்தச் சிரிப்பைச் சிரித்தாள்.

முதல் பக்கத்தில் என் பெயரில் ஓர் எழுத்து கூடுதலாக உள்ளது. அடித்தல் திருத்தல் கூடாது என்று ஏட்டு சொன்னதால் அப்படியே விட்டிருக்கிறேன். அடுத்த வாரம் ஒரு நாள் வந்து திருத்தமான படியில் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறார்கள். ஏட்டு எழுத வேண்டாம், அன்றைக்கும் நானே எழுதுகிறேன், கோடு தாண்டாது. புதிய கடவுச்சொல் என்னவென்று போகும் வழியில் என் மனைவியிடம் கேட்க மாட்டேன். முதல் எழுத்தைக்கூடக் கேட்க மாட்டேன். இதில் எழுத்துப் பிழை இருக்கலாம், நடந்ததில் பிழை இல்லை. யாரும் சொல்லிக் கொடுத்து எழுதவில்லை, நானே எழுதி நானே படித்துப் பார்த்து, அவள் எழுதியபடி கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
கண்ணுசாமி