யோசித்துத் திரும்பும் காடி

அசாம் ஜாவாவில் பஸ் ஏறியதும் எண்ணினேன், பயணிகள் பதினோரு பேர். முன் இருக்கையில் மடியில் பெட்டியோடு இருந்த பெண், "நான் வளைச்சா என் காடி கொஞ்சம் யோசிச்சிட்டுத்தான் திரும்புது," என்றாள். பதினாறு வயதுதான் இருக்கும். லைசென்ஸ் இல்லாத பிள்ளை கார் ஓட்டுகிறதே என்று எனக்குப் படபடத்தது.

பக்கத்திலிருந்த அவள் மாமன் மகன் சிரித்தான். "ரெண்டு கம்ப்யூட்டரும் ஒரே மாதிரி. உனக்குத்தான் ரேஸ் ஓட்டத் தெரியல லா."

பெட்டியில் கம்ப்யூட்டர், ஓட்டியது விளையாட்டு என்று புரிந்த பிறகே எனக்கு மூச்சு வந்தது.

"ஜாய்ஸ்டிக் மாத்தினேன், ரெண்டையும் இணைக்கிற ஒயரையும் மாத்தினேன். ஆட்டம் உன் கம்ப்யூட்டர்ல தொடங்குது. என்னோடது அதைக் கேட்டுக் கேட்டுத்தான் ஓடுது, அதான் யோசிக்குது."

"பொம்பளப் பிள்ளை தோத்தா ஒரு சாக்கு."

"அதைத்தானே பள்ளிக்கூடம் பூரா சொன்னே? அடுத்த ஞாயிறு என் வீட்ல, என் கம்ப்யூட்டர்ல தொடங்குவோம்."

"உன் ஊரு சுங்கை ஆயர் தாவார் வரைக்கும் யார் தூக்கிட்டு வர்றது?"

"மூணு ஞாயிறா உன் வீட்டுக்கு நான் தூக்கிட்டு வரல?"

கடைக்குப் போக வேண்டிய அவன் கோல சிலாங்கூரில் இறங்கிக்கொண்டான். பஸ் நகர்ந்தது. அவள் ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"பெட்டியைக் கட்டிட்டு வாடா! உன் காடி யோசிக்கிறதை நான் பார்க்கணும்!"