குழாய்க்குள் கை குலுக்குபவர்

மாலை ஆறேகால். மூடிக் கிடக்கிற தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போகிற சாலை... ஒரு சைக்கிள்கூட வராது. என் சிநேகிதனின் அண்ணன் தன் ஏழு வயது மகளோடு அங்கே போனார். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கதவைப் பார்க்காதீர்கள், என்னைப் பாருங்கள்.

ஆபீஸில் அவருக்குப் பட்டப்பெயர் பண்டிதர். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற சீட்டை எழுதுகிற வேலை. அதை எவன் படிக்கிறான்? அந்தக் கடுப்பில் மனிதர் யாரையும் மதிக்க மாட்டார். மனைவி பேசினால் போனைப் பார்ப்பார். மகள் வரைந்த படத்தைக் காட்டினாலும் போனைப் பார்த்துக்கொண்டே "ம்" என்பார்.

அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் ஜியோகேச்சிங் என்று ஒரு விளையாட்டு. ஒருவர் டப்பாவை ஒளித்துவைத்து, இடத்தையும் ஒரு குறிப்பையும் இணையத்தில் போடுவார். தேடி வருகிறவர்கள் உள்ளே இருக்கிற தாளில் கையெழுத்துப் போட வேண்டும். பொம்மை, கிம்மை எதையாவது எடுத்தால் பதிலுக்கு ஒன்றை வைக்க வேண்டும். மற்றவர்களின் குறிப்பைப் படித்தாலே பண்டிதர் காறித் துப்புவார்.

அவர் தன் டப்பாவை அந்தத் தொட்டிச் சாலையோரம் கிடந்த உடைந்த பெரிய சிமெண்டுக் குழாயில் ஒளித்தார். எழுதிய குறிப்பு: 'கையை உள்ளே விடுங்கள். உள்ளே இருப்பவர் கை குலுக்குவார். உடனே உருவிக்கொள்ளாதீர்கள்... பாவம், அவருக்கு வேறு நாதியில்லை.'

ஒரு வாரத்தில் பன்னிரண்டு பேர் பதில் எழுதினார்கள். 'கை ஐடியா பிரமாதம்.' 'ரப்பரா? ஈரமாக இருக்கிறதே, எப்படி?' 'நகத்தை மட்டும் கொஞ்சம் வெட்டிவிடுங்கள்.'

பண்டிதர் அங்கே டப்பாவைத் தவிர ஒன்றுமே வைக்கவில்லை. பயந்தாரா? அதுதான் இல்லை. நான் போட்ட ஜோக்கை எனக்கே திருப்பிச் சொல்கிற மண்டூகங்கள் என்று சிரித்தார். தாள் நிரம்பியிருக்கும், மாற்ற வேண்டும் என்று கிளம்பினார். வேலைக்குப் போகும்போது மனைவி, "பாப்பா மேல ஒரு கண்ணு வச்சுக்கோங்க" என்று சொல்லியிருந்ததால் அவளையும் இழுத்துக்கொண்டு போனார்.

குழாய்க்கருகே துருவும் ஊறிப்போன துணியும் கலந்த நாற்றம். யாரோ டப்பாவை ஆழத்தில் தள்ளியிருந்தார்கள். அவர் கை எட்டவில்லை. பாப்பாவை உள்ளே நுழைந்து எடுக்கச் சொல்லிவிட்டு, புதுப் பாராட்டு வந்திருக்கிறதா என்று போனைத் திறந்தார்.

டக்... டக்... டப்பா உருண்டது.

"அப்பா... கை குடுக்குறாங்க."

"நடிக்காத."

"அப்பா, இங்க பாருங்களேன்."

பார்க்கவில்லை. படித்துக்கொண்டிருந்தார். ஈரமாக எதுவோ இழுபடுகிற சத்தம்... அப்புறம் ஒன்றுமில்லை. பாப்பா வெளியே வந்து டப்பாவை நீட்டினாள். தாளை மாற்றினார். வழி நெடுக அவள் வாயே திறக்கவில்லை. தொணதொணப்பு இல்லாமல் வந்தாளே என்று அவருக்கு நிம்மதி.

அதற்குள் வேலையிலிருந்து திரும்பியிருந்த மனைவி கதவைத் திறந்து, அவர் விரலைப் பிடித்து நின்றவளைப் பார்த்தாள். பிறகு அவருக்குப் பின்னால், வெறும் தெருவைப் பார்த்தாள்.

"பாப்பா எங்க?"

பண்டிதர் குனிந்து பார்த்தார். அதே கவுன். அதே ரெட்டைச் சடை. இதோ நிற்கிறாளே என்றார்.

மனைவி ஓரடி பின்னால் போனாள். "இது யாரு?"

பண்டிதர் மறுபடி குனிந்து அந்த முகத்தைப் பார்த்தார். மகளின் முகம் எப்படி இருக்கும்... எவ்வளவு யோசித்தும் வரவில்லை. போனைத் திறந்து அவள் படத்தைத் தேடினார். இருநூறு படங்கள் இருந்தன. எல்லாம் டப்பா.