மூன்று வயது கூட்டிச் சொன்னவள்

தொண்ணூறுகளில் ஒரு நாள், ஈஸ்ட் டாமாக்கி தொழிற்பேட்டைக்குப் போகும் காலைப் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் யாழ்ப்பாணத்துப் பெண்கள் இருவர் இருந்தார்கள். நீலக் கோட்டுக்காரி சொன்னாள்: "நான் என்ர வயசை மூண்டு கூட்டிச் சொல்லிப்போட்டன்."

"எல்லாரும் குறைச்செல்லோ சொல்லுவினம். ஆரிட்டச் சொன்னனீ?"

"ஃபாக்டரியில எனக்குப் பக்கத்தில நிக்கிற வியட்நாம்காரி ஹோவாவிட்ட. வேலைக்கு வந்த முதல் நாளே அவள் என்ர வயசைக் கேட்டவள். எனக்குக் கோவம் வந்திட்டுது, சொல்லேல்லை. நேற்றுத்தான், தான் ஏன் கேட்டதெண்டு சொன்னாள். அவையின்ர பாசையில, பழகின ஆக்களோட சும்மா 'நான்' எண்டு கதைக்கமாட்டினமாம். அக்காவோட கதைச்சா தன்னை 'எம்' எண்டு சொல்லவேணுமாம். தங்கச்சி எண்டு அர்த்தம்."

"சரி, அதுக்கு?"

"அவளின்ர அக்கா படகில வரேக்க கடலில செத்துப்போனாவாம். இஞ்ச அவளுக்கு மூத்தவை எண்டு ஒருத்தரும் இல்லை. அந்தச் சொல்லைச் சொல்லிப் பத்து வருசத்துக்கு மேலயாம்."

பஸ் ஒரு தரிப்பில் நின்று, இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது.

"உண்மையில ஆர் மூப்பு?" மற்றவள் கேட்டாள்.

"அவள்தான். ரெண்டு வயசு."

"பிறகு என்ன செய்தவள்?"

"பின்னேரம் முழுக்கப் பெட்டி அடுக்கியடுக்கி என்னோட கதைச்சவள். தன்ர பாசையிலதான். 'எம்' எண்டதைத் தவிர எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. நான் ஓம், ஓம் எண்டு கேட்டுக்கொண்டு நிண்டன்."